பாயா ரெங்காஸ் ரெஜிம்

தன்னுடைய ஆட்சிக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று தெரியாமலேயே சுகுமாறன் இருபத்தைந்து வருஷம் ஆண்டுவிட்டார். வெள்ளிவிழா வருகிற வரைக்கும் அது ஒரு குறையாகவே அவருக்குத் தெரியவில்லை.

எந்த நாட்டை ஆண்டார் என்று யாரும் வரைபடத்தைப் புரட்ட வேண்டாம். மலேசியாவில் கோலா பிலாவிலிருந்து உள்ளே போனால் பாயா ரெங்காஸ் தோட்டம் என்று ஒன்று இருந்தது. ரப்பர் பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை போட்டார்கள். செம்பனைக்கு வங்காளதேசத்துப் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்த சனத்துக்குத் தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு வரிசை மலிவு வீடு கிடைத்தது. அந்த இரண்டு வரிசைக்கும் ஒரு குடியிருப்பாளர் சங்கம், சங்கத்துக்கு ஒரு மண்டபம், மண்டபத்துக்கு ஒரு பூட்டு. சாவி தலைவர் சுகுமாறனின் இடுப்பில். சாம்ராஜ்யம் இவ்வளவுதான். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, கடல் தாண்டிப் படை நடத்தியவனுக்குக்கூட அந்த மிடுக்கு இருந்திருக்காது. மனிதர் தெருவில் வந்தால் நாய்கூட ஓரமாகப் போய் நின்றுகொள்ளும்.

மண்டபத்தில் வருஷத்துக்கு ஒரு முறை பொதுக்கூட்டம் நடக்கும். மற்ற நாட்களில் அங்கே நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்து ஓய்வெடுக்கும். அந்த ஓய்வைக் கெடுக்கப் பார்த்தவள் நீலாவதி. செனவாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவள், கடைசி வீட்டுக்காரி. ஷிப்ட் வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். அவள் வீட்டு முன்னறையில் ஏழெட்டு வாண்டுகள் ஒருவர் தலைமேல் ஒருவராக உருளும். "மண்டபத்த பகல்ல தொறந்து விடுங்க தலைவரே, பாலர் பள்ளி மாதிரி வெச்சுக்கிறேன்" என்று அவள் கேட்காத கூட்டமில்லை. "பிள்ளைங்க தரைய அசிங்கம் பண்ணிரும்லா" என்று அவர் சொல்லாத கூட்டமும் இல்லை. தரை அத்தனை சுத்தமாக இருந்தது. அழுக்காவதற்கு அதில் நடக்க ஆள் வேண்டாமா?

அந்த வாண்டுகளில் சுகுமாறனுடைய சொந்தப் பேத்தியும் ஒருத்தி. அது அவருக்குத் தெரியும். ஆனால் ஆட்சி வேறு, வீடு வேறு என்பது அவருடைய கொள்கை.

வெள்ளிவிழாவுக்கு ஒய்.பி., அதாவது தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர், வருவதாக ஒத்துக்கொண்டார். மாவட்ட அதிகாரியும் வருகிறார் என்றதும் சுகுமாறனுக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் இங்கிலீஷில்தான் பேசுவது என்று முடிவு செய்துவிட்டார். மலாய் எல்லாரும் பேசுகிறார்கள், தமிழ் கேட்கவே வேண்டாம். அவர் இளந்தாரியாக மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில் தோட்டத்தை ஆண்ட துரை ஒரு வார்த்தை தமிழோ மலாயோ பேசியதில்லை. அதிகாரம் என்றால் அந்தச் சத்தம்தான் என்று அவர் மனதில் அன்றைக்கே பதிந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ரோகினி, ஆட்சிக்கு இங்கிலீஷ்ல என்னா?"

ரோகினி அவருடைய மருமகள். கோலா பிலாவில் இடைநிலைப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். புருஷன் ஜோகூரில் வேலை, மாதத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருவான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், வீட்டில் மாமனார் என்று பாடம் எடுத்தே ஓய்ந்துபோன பெண். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எந்த ஆட்சி மாமா?"

"என்னோடதுதான்."

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தது.

"கவர்மெண்ட்டுன்னு சொல்லலாம். ஆனா அது நாட்டுக்கு."

"வேணாம்லா. அது புத்ராஜெயாவுல இருக்கு. எவனாச்சும் போலீஸ் ரிப்போட் செஞ்சிருவான்."

"அட்மினிஸ்ட்ரேஷன்?"

"அது கிராணி வேலை." ஆள் மேய்க்கிற மண்டோராக இருந்த காலத்தில், கணக்கெழுதுகிற ஆபீஸ் கிராணிகளிடம் பட்டதெல்லாம் அவர் முகத்தில் வந்து போனது.

"லீடர்ஷிப்?"

"இளைஞர் சங்கத்துப் பையனுங்க கேம்ப்புக்குப் போயி அதத்தான் கத்துக்கிட்டு வரானுங்க. மலிஞ்சு போச்சு."

"டென்யூர்னு போடலாம் மாமா. பதவியில இருந்த காலம்."

"காலம்னா முடியும். வேற?"

"ரெயின்னு ஒன்னு இருக்கு. ராஜாக்களுக்குச் சொல்றது."

சுகுமாறன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஶ்ரீ மெனாந்தியில் மாநில ராஜாவின் அரண்மனை அங்கிருந்து மோட்டாரில் போய் வருகிற தூரம்தான். "அது அரண்மனை விஷயம். நாம தொடக் கூடாது."

"அங்கயும் ஆள் எடுக்கிற முறை இருக்கு மாமா. நம்ம ஸ்டேட்ல உண்டாங் தலைவருங்க நாலு பேரு கூடித்தானே ராஜாவையே தேர்ந்தெடுக்கிறாங்க."

"எனக்கு ரெண்டு வரிசை வீடும் கூடுது. நாலு பேரவிட அது கூட" என்றார் சுகுமாறன். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ரோகினிக்கு வெங்காயத்தின் எரிச்சலோ, மாமனாரின் எரிச்சலோ, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அசதியில் வாய் நழுவியது. "ரெஜிம்னும் சொல்லுவாங்க. அது வேணாம்."

"என்னா சொன்ன?"

"அது வேணாம் மாமா."

"மறுபடி சொல்லு."

"ரெஜிம்."

சுகுமாறன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பூட்ஸ் காலோடு யாரோ அறைக்குள் வந்த மாதிரி இருந்தது அவருக்கு. இன்னொரு தடவை சொன்னார். முதுகு தானாக நிமிர்ந்தது. இத்தனை வருஷமாகத் தேடிய பிள்ளை கோயில் கூட்டத்தில் கிடைத்துவிட்டது போல முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"மாமா, கேளுங்க. அர்த்தம் பார்த்தா ஆட்சி முறைதான். ஆனா பேசற முறைன்னு ஒன்னு இருக்குல்ல. தன்னோட ஆட்சிய யாரும் ரெஜிம்னு சொல்லிக்க மாட்டாங்க. அடுத்தவன் ஆட்சி, அதுவும் பிடிக்காத ஆட்சின்னாத்தான் அந்த வார்த்தைய எடுப்பாங்க. பேப்பர்ல பாருங்க. கவுந்த ஆட்சி, கவுக்கப் போற ஆட்சி, அதுக்குத்தான் போடுவான்."

"பிடிக்காதவன்கூட உக்காந்து பேசறான்னா அது எவ்ளோ பெரிய ஆட்சி" என்றார் சுகுமாறன்.

"ஸ்கூல்ல ஒரு பையன் இப்படி எழுதுனா சிவப்புப் பேனாவால சுத்துவேன்."

"நான் உன் ஸ்கூல்ல படிக்கலையேம்மா."

மறுநாளே கோலா பிலாவில் பேனர் கடைக்குப் போய்விட்டார். 'சுகுமாறன் ரெஜிம், இருபத்தைந்து ஆண்டுகள்' என்று இங்கிலீஷில் ஆளுயர எழுத்து, பக்கத்தில் சபாரி சூட்டில் அவருடைய படம். பேனர் கடைப் பையன் மட்டும், "அங்கிள், ஷுவர் ஆ?" என்று இரண்டு முறை கேட்டான். சுகுமாறன் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்.

இடையில் பொதுக்கூட்டம் ஒன்று இருந்தது. வெள்ளிவிழாவுக்கு முந்தின ஞாயிறு. அதில் தலைவர் தேர்வு. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கவலைப்படத் தேவையில்லாத ஒரு முறையை அவர் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தார். அதைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு எடுப்பார்கள். ஆபீஸ் முன்னால் இருட்டில் எல்லாரும் வரிசையாக நிற்க, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். பெயர் விழுந்ததும் கை மேலே போக வேண்டும். போகாவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் வேலைக்கு வரவில்லை என்று கணக்கு. ஆத்தா செத்திருந்தாலும் சரி, காய்ச்சல் கொதித்தாலும் சரி, பெயர் கேட்டால் கை தூக்கு. தோட்டம் போய்விட்டது, துரை போய்விட்டார், பெரட்டு மட்டும் சனங்களுடைய தோள்பட்டையில் தங்கிவிட்டது. கிளினிக்கில் நர்ஸ் பெயர் கூப்பிட்டால் பாயா ரெங்காஸ் ஆட்கள் கை தூக்குவார்கள். கல்யாண மண்டபத்து மைக்கில் யாரோ ஒரு ராமசாமியை மாப்பிள்ளை வீட்டார் தேடினால் எங்கள் ராமசாமி கை தூக்குவார். பெரட்டையே பார்த்திராத பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

சுகுமாறன் சங்கத் தலைவர் ஆன முதல் கூட்டத்திலேயே இதைப் பிடித்துக்கொண்டார். தலைவர் தேர்வு என்று வந்ததும் எழுந்து நிற்பார். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை மனப்பாடமாகப் பெயர் கூப்பிடுவார். கைகள் ஒவ்வொன்றாக எழும். செயலாளர் எண்ணுவார். "ஏகமனதாகத் தலைவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்று எழுதுவார். கை எதற்குத் தூக்கப்பட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை. தூக்கியவர்களும் யோசித்ததில்லை. பிறகு எல்லாரும் பிரியாணி சாப்பிடுவார்கள்.

ஒரே ஒரு தடவை புனிதன் என்கிற பையன் எழுந்து கேட்டான். "தலைவரே, இவங்க கை தூக்குனது யாருக்கு?"

"யாருலா பேரு கூப்பிட்டது?" என்றார் சுகுமாறன்.

"நீங்கதான்."

"என் கூப்பாட்டுக்குத் தூக்குன கை எனக்குத்தானே. இதுல என்னா சந்தேகம்?" என்று சொல்லிவிட்டு, அங்கேயே அதை விதியாக எழுதச் சொன்னார். பெயர் கூப்பிடுகிற வேட்பாளர் யாரோ, தூக்குகிற கை அவருக்கே. அதையும் ஏகமனதாக நிறைவேற்றினார்கள், அதே முறையில். புனிதன் அம்பாங்கானுக்குக் குடிபோய்விட்டான். நல்ல பையன், பாவம்.

விதி இப்படி இருக்க, சுகுமாறனுக்கு என்ன பயம்? அவர் முழு மூச்சாக இங்கிலீஷ் பேச்சில் இறங்கினார். ரோகினி எழுதிக் கொடுத்த பேச்சில் அவள் எழுதிய 'அட்மினிஸ்ட்ரேஷன்' எல்லாவற்றையும் அடித்துவிட்டு 'ரெஜிம்' என்று போட்டுக்கொண்டார். விடிந்ததும் செம்பனைக்குள் போவார். பழைய பெரட்டுக் களம் இருந்த இடம் அது, இப்போது பனை ஓலை விழுந்து கிடக்கும். அங்கே நின்று தொண்டை கிழியக் கத்துவார். குலை வெட்ட வந்த வங்காளதேசத்துப் பையன்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புது மேனேஜர் போலிருக்கிறது என்று நினைத்து அவர்கள் வேகவேகமாக வேலை செய்தார்கள். சுகுமாறனுக்கு அது பிடித்திருந்தது. இன்னும் சத்தமாகக் கத்தினார்.

அப்போது தொண்டைக்கு ஆகாத டுரியான் பழக் காலம் வேறு. சொன்னால் கேட்கிற ஆளா? கத்திவிட்டு வந்து பழம், பழம் தின்றுவிட்டுக் கத்தல். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, "ரோகினி, கோப்பி" என்று கூப்பிட்டார். வாய் அசைந்தது. காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

மிளகு ரசம், உப்புத் தண்ணீர், தேன், இஞ்சி, எல்லாம் ஆனது. மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் என்று சைகை காட்டினார். ரோகினி அவர் கழுத்தில் தைலம் தடவிவிட்டாள். அக்கறையோடுதான் தடவினாள், அதையும் சொல்ல வேண்டும்.

கூட்டம் மத்தியானம் தொடங்கியது. மழையும் கூடவே தொடங்கியது. மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் உள்ளே பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே கேட்காது. மைக் வாங்க வேண்டும் என்று போன வருஷம்கூடப் பேச்சு வந்தது. "பெரட்டுக்கு எதுக்குலா மைக்? தொண்டை இல்லாதவன் தலைவனா இருக்கக் கூடாது" என்று சுகுமாறன்தான் தள்ளுபடி செய்தார். அந்த வாக்கியமும் குறிப்பில் இருக்கிறது.

செயலாளர் புவனேஸ்வரன் எழுந்தார். கெமாஸ் ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊர் என்று இங்கே வந்து குடியேறியவர். ரயில் வருகிற சத்தத்துக்கு மேல் அறிவிப்புச் செய்து பழகியவர் என்பதால் மழை அவரை ஒன்றும் செய்யவில்லை.

"அடுத்தது தலைவர் தேர்வு. நம்ம தலைவர் நிக்கிறாரு. வேற யாராச்சும்?"

இந்தக் கேள்வியை வருஷா வருஷம் கேட்பார். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அதற்குள் சுகுமாறன் எழுந்துவிடுவார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைப்பதற்குள் முன்வரிசையிலிருந்து தாயம்மா எழுந்தாள். மூன்று பிள்ளைகளை நீலாவதி வீட்டில் விட்டுவிட்டு ஷிப்ட்டுக்குப் போகிறவள்.

"நம்ம நீலாக்காவ போடுங்க."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. நீலாவதி மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திகைத்த மாதிரியும் தெரியவில்லை, திகைக்காத மாதிரியும் தெரியவில்லை.

"வழிமொழிய ஆள் வேணும்" என்றார் புவனேஸ்வரன்.

"நான்" என்றது ஒரு குரல்.

சுகுமாறனுக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். தினமும் அந்தக் குரல்தான் அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறது. திரும்பி மருமகளைப் பார்த்தார். ரோகினி பார்வையை விலக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க மாமா. நான் ஸ்கூல்ல இருக்கிறப்ப பாப்பாவுக்குச் சோறு போடறது அவங்கதான்."

சுகுமாறனுக்கு அது வலித்தது. ஆனால் பயமில்லை. வழிமொழிந்தால் என்ன, பெயர் விழுந்தால் கை தூக்கித்தானே ஆக வேண்டும்? மருமகளின் கையே நமக்குத்தானே எழும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தார். வேட்டியை இறுக்கினார். சாவிக்கொத்து கலகலத்தது. அது மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

முதல் வீடு தாயம்மா. வாயைத் திறந்து, "தாயம்மா" என்றார்.

மழை பெய்துகொண்டிருந்தது.

மறுபடி கூப்பிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. முன்வரிசையில் ஒருத்தி, தலைவருக்குத் தண்ணீர் கொடுங்கள் என்றாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். கூப்பிடப்பட்ட ராமசாமி, தலைவர் ஏதோ மனசுக்குள் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துத் தானும் கண்ணை மூடிக்கொண்டார். சுகுமாறன் விரலை நீட்டிக் காட்டினார். காட்டப்பட்டவர்கள் எல்லாரும் தங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கும் அவர்மேல் கோபமில்லை. துரோகமும் இல்லை. பெயர் காதில் விழவில்லை, கை எழவில்லை. விஷயம் அத்தனைதான்.

சுகுமாறன் புவனேஸ்வரனை இழுத்துக் காதில் ஊதினார். "நீ கூப்புடு."

"நான் கூப்பிடலாம் தலைவரே, ஒன்னும் இல்ல. ஆனா கூப்பிடறவருக்குத்தான் கைன்னு விதி இருக்கு. நான் கூப்பிட்டா நானும் வேட்பாளர்தானேன்னு நாளைக்கு எவனாச்சும் கேப்பான்." அப்படிச் சொன்னவர், தயக்கமாகத் தொண்டையைச் செருமி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "நீங்க சொன்னா கூப்பிடறேன்."

சுகுமாறன் அந்தச் செருமலைக் கேட்டார். காலரையும் பார்த்தார். ஆண்ட மனிதருக்கு அந்தச் சமிக்ஞை தெரியாதா? வேண்டாம் என்று கையை உதறிவிட்டு உட்கார்ந்தார். இருபத்தைந்து வருஷத்தில் அவருக்கு யார்மேலும் நம்பிக்கை வைத்துப் பழக்கமில்லை. இன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

"அடுத்த வேட்பாளர்" என்றார் புவனேஸ்வரன், சற்று ஏமாற்றத்தோடு.

நீலாவதி எழுந்து முன்னால் வந்தாள். பேச்சு கீச்சு ஒன்றுமில்லை. மிஷின் சத்தத்துக்கு மேல் ஒரு லைனையே மேய்த்த குரல், இப்போது ஏழெட்டு வாண்டுகளை மேய்க்கிற குரல். மழை ஒரு பக்கம் போகட்டும் என்று விட்டது அது.

"தாயம்மா."

கை எழுந்தது.

"ராமசாமி."

கண்ணை மூடியிருந்த ராமசாமி திறக்காமலேயே கை தூக்கினார்.

"மயிலம்மாள். தனலெட்சுமி." வரிசை பிசகவில்லை. பிறந்ததிலிருந்து இந்தச் சனத்தோடு இருக்கிறவளுக்கு வீட்டு வரிசை தெரியாதா? கைகள் எழுந்தன, விழுந்தன. காலையில் சுகுமாறனுக்குத் தேன் கொண்டுவந்து கொடுத்தவர் கை எழுந்தது. அவர் வாங்கித் தந்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவன் கை எழுந்தது. அவர் எதிரே அந்தக் காட்சி நடந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாகத் தானே நடத்திய காட்சியை முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தார். இவர்களில் ஒருவர்கூட யாருக்கென்று தூக்கவில்லை என்பது உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அப்பட்டமாகத் தெரிந்தது. இன்றைக்கு அவளுக்கு இல்லை. அப்படியென்றால் அன்றைக்குத் தனக்கும் இல்லை.

வரிசை அவருடைய வீட்டுக்கு வந்தது.

"ரோகினி."

ரோகினி கை தூக்கினாள். ஒருவேளை அந்த மண்டபத்திலேயே யோசித்துத் தூக்கிய கை அது ஒன்று மட்டுமாக இருக்கலாம்.

"சுகுமாறன்."

அவர் பெயரை அப்படி யாரும் கூப்பிட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. மண்டோர் என்றார்கள், தலைவர் என்றார்கள். வீட்டில் மாமா. பெயர் சொல்லக்கூடிய அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வெறும் சுகுமாறனாக அவர் இருந்தது பனியில் சாக்குத்துணி போர்த்திக்கொண்டு, கையில் பால்வாளியோடு, பெரட்டில் தன் பெயர் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்த வயதில். தூங்கி வழிந்தாலும் பெயர் விழுந்தால் கை போய்விடும். இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறில்லை.

புவனேஸ்வரனின் பேனா தாளில் ஒரு கோடு போட்டது. அதைப் பார்த்த பிறகுதான் சுகுமாறன் மேலே பார்த்தார். அவருடைய கை அங்கே இருந்தது. முழங்கை மடங்காமல், விரல் விரித்து, அந்தக் காலத்து மண்டோர்கள் கேட்கிற மாதிரி ஒழுங்காக இருந்தது.

இறக்கலாம். ஆனால் பெரட்டில் தூக்கிய கையை இல்லை என்று சொன்னவன் கிடையாது.

நீலாவதியும் பார்த்துவிட்டாள். சிரிப்பாள் என்று சுகுமாறன் பயந்தார். அவள் சிரிக்கவில்லை. தலையை லேசாக ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"ஏகமனதாக" என்று எழுதினார் புவனேஸ்வரன். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தைக்கு அவர் கை நன்றாகப் பழகியிருந்தது.

சாவியை இடுப்பிலிருந்து அவிழ்ப்பது சுலபமாக இல்லை. முடிச்சு இறுகிப்போயிருந்தது. ரோகினி வந்து குனிந்து அவிழ்த்துக் கொடுத்தாள். நீலாவதி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, அடுத்த வாரம் ஒய்.பி. முன்னால நீங்களே பேசுங்க. தொண்டை சரியாயிரும். பேனரும் அடிச்சாச்சு, வீணாக்க வேணாம்."

சுகுமாறனுக்கு மரியாதையா அவமானமா என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. தலையசைத்தார்.

புவனேஸ்வரனுக்கு அன்றைக்குத் துணிச்சல் பிறந்திருந்தது. "தலைவரே" என்று கூப்பிட்டார். சுகுமாறன் நிமிர்ந்தார். அது அவருக்கில்லை. "தலைவரே, இந்தப் பேர் கூப்பிடற விதிய எடுத்துட்டு, அடுத்த வருஷத்துலேருந்து பெட்டி வெச்சு ஓட்டுப் போடலாமா?"

நீலாவதி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"இப்ப என்னா அவசரம் அதுக்கு? எல்லாரும் பழகிட்டாங்க. ஏகமனதாத்தானே வருது."

மண்டபம் தலையாட்டியது. சுகுமாறன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளின் காதருகே சாய்ந்தார். இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி ஒரு வார்த்தையை ஊதினார்.

"ரெஜிம்."

ரோகினி அவரைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இப்பத்தான் மாமா அந்த வார்த்தைய சரியான எடத்துல போட்டிருக்கீங்க. ஃபுல் மார்க்" என்றாள். "இனிமே அந்தப் பேனர்லயும் தப்பு இல்ல."

முன்னால் புதிய தலைவர் வேலையை ஆரம்பித்துவிட்டாள். நாளை காலையிலிருந்து பிள்ளைகளுக்கு மண்டபம் திறக்க வேண்டும். நாற்காலிகளை ஓரம் கட்ட வேண்டும், ஒட்டடை அடிக்க வேண்டும், தரையைக் கழுவ வேண்டும். ஆள் வேண்டும் என்றாள். யார் வருகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் யார் வருவார்கள்? பெயர் கூப்பிட்டாள்.

"ராமசாமி. தாயம்மா."

மழை விட்டிருந்தது. ஒவ்வொரு பெயரும் தெளிவாக விழுந்தது.

"சுகுமாறன்."

இந்த முறை அவர் விழிப்பாகத்தான் இருந்தார். கை மடியில் இருப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மேலே போனது. அவருக்கு வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாதபடி, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நாளைக்கு வேலை இருக்கிறது.